விடுவிக்க ஆள் வரும்வரை

எங்கள் ஊர் வெள்ளானூரில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் 'கப்பல் ஓட்டுறவரு' என்றுதான் சொல்வார்கள். கடற்படையில் சப் லெப்டினன்ட்டாகச் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் வரைக்கும் அது பச்சைப் பொய். கப்பலைச் செலுத்தும் இடத்தில், பிரிட்ஜ் என்பார்கள், நான் நின்றேன் என்பது உண்மை. தனியாக நிற்க எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் மூத்த அதிகாரி ஒருவர் நிற்பார். அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்வேன். அவர் காபி கேட்டால் அதையும் கீழே சொல்லி அனுப்புவேன். தனியாக நிற்க வேண்டுமென்றால் வாட்ச்கீப்பிங் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குப் போதுமான மாதங்கள் கடலில் நின்றிருக்க வேண்டும், பிறகு கேப்டன் முன்னால் உட்கார்ந்து வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை இளநிலை அதிகாரி என்பவன் வெள்ளைச் சட்டை போட்ட எடுபிடி, அவ்வளவுதான்.

நான் பார்த்த வேலைகளைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. யாருக்கும் பிடிக்காத வேலை எதுவாக இருந்தாலும் அதன் பின்னால் 'ஆபீசர்' என்று ஒட்டி, கடைசியாக வந்து சேர்ந்தவன் தலையில் கட்டிவிடுவார்கள். சாப்பாட்டு அறைக்கு நான்தான் பொறுப்பு. விளையாட்டுக்கு நான்தான். நூலகம் என்று சொல்லப்பட்ட ஓர் இரும்பு அலமாரிக்கும் நான்தான். யாராவது குடும்பத்தோடு கப்பலைப் பார்க்க வந்தால் அவர்களுடைய பிள்ளைகள் ஏணியிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்வதும் நான்தான். வாட்ச், அதாவது பிரிட்ஜில் நிற்கும் முறை, நாலு மணி நேரம், பிறகு எட்டு மணி நேரம் இடைவெளி, மறுபடி நாலு. அந்த எட்டில்தான் மற்ற எல்லா வேலையும். மிச்சம் இருந்தால் தூக்கம். பெரும்பாலும் மிச்சம் இருக்காது. அந்த வயதில் மற்றவர்களுக்கு என்னென்னவோ ஆசைகள் இருந்திருக்கும். எனக்கு இரண்டுதான். சான்றிதழ் வாங்க வேண்டும், அப்புறம் தூங்க வேண்டும்.

வாட்ச் மாறுவதற்கு ஒரு முறை உண்டு. அடுத்து நிற்க வேண்டியவர் கால்மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார். நிற்கிறவர் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். எந்தத் திசையில் போகிறோம், என்ன வேகம், சுற்றிலும் என்னென்ன கப்பல்கள், கேப்டன் என்ன சொல்லி வைத்திருக்கிறார், எல்லாம். கேட்டு முடித்ததும் வந்தவர், 'நான் ஏற்றுக்கொண்டேன்' என்று அங்கிருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை பழைய ஆள் ஓர் அடி நகரக் கூடாது. விடுவிக்க ஆள் வரவில்லையா, வரும்வரை நிற்க வேண்டியதுதான். பசியாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. கடற்படை அகாடமியில் சொல்லிக் கொடுத்ததில் பாதி எனக்கு மறந்துவிட்டது. இது மட்டும் உடம்பில் ஏறிவிட்டது. அதை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த தப்பு.

வீடு என்றால் நைனாவும் அக்காவும். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டினவர். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகி மூன்றாவது வருடமே அது சரிப்படாமல் திரும்பி வந்து, அதே எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் கப்பலில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நான் ஓடிவந்து ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனேன். அக்கா வேலையை விட்டாள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். ஒருவர் பத்து நாள் இருந்தார், இன்னொருவர் ஐந்து நாள். நைனா அவர்கள் ஊட்டினால் வாயைத் திறக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு ஒரு மாத லீவு கிடைத்தது. கப்பல் பழுது பார்க்க நின்றிருந்தது. பழுது முடிந்து கடலுக்குப் போகும் அந்தப் பயணத்தில்தான் என்னுடைய தேர்வு.

வந்து இறங்கினதும் அக்காவைப் பார்த்தேன். அவள் இளைத்திருந்தாள் என்று சொல்லலாம், ஆனால் அது சரியான வார்த்தை இல்லை. நின்ற இடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள். கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொன்னாள். முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் நின்ற அதிகாரிகளிடம் அதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. குற்ற உணர்ச்சி வந்தால் சும்மா இருக்க முடியாதே, உடனே அதிகாரம் பண்ணக் கிளம்பிவிட்டேன்.

மறுநாளே ஒரு அட்டையில் கோடு போட்டு வாட்ச் பட்டியல் தயாரித்து நைனாவின் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு நான், பன்னிரண்டிலிருந்து நாலு அக்கா, நாலிலிருந்து எட்டு நான், ராத்திரியில் ஆளுக்குப் பாதி. பக்கத்தில் ஒரு நோட்டு. பி.பி. எவ்வளவு, சுகர் எவ்வளவு, எத்தனை தடவை திருப்பிப் படுக்க வைத்தது, எவ்வளவு கஞ்சி இறங்கியது, எல்லாம் அதில் எழுத வேண்டும். மாறும்போது ஒப்பிக்க வேண்டும். வந்தவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும்.

அக்கா அட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி இருக்கிறது, விளையாட்டு பீரியடு எங்கே என்று கேட்டாள். ஆனால் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு இது புதிதும் இல்லை. கம்பெனியிலும் அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல் லைனை விட்டுப் போக முடியாது. நைனாவும் அப்படி எத்தனையோ நாள் ஆள் வராமல் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் அக்கா நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். எழுந்து வந்தவளுடைய முகத்தைப் பார்த்தபோது நான் ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இதில் பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறவு அத்தை இல்லை, ஊர் வழக்கத்தில் அத்தை. கடைக்குப் போக வேண்டும், மருந்து வாங்க வேண்டும் என்றால் அக்கா அவரைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் போவாள். எட்டு மாதமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது. நான் வந்த ஐந்தாவது நாள், ஆவடிக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீட்டில் நைனா மட்டும் இருக்கிறார். அக்கா பால் வாங்கப் போயிருந்தாள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்காகத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டு நிமிடம் இருக்கலாம், மூன்று நிமிடம் இருக்கலாம்.

இரண்டு பேரும் திரும்பி வந்ததும் நான் கத்தினேன். அத்தைக்கு முன்னாலேயே அக்காவைப் பார்த்துக் கத்தினேன். கப்பலில் இப்படி இடத்தைக் காலி பண்ணினால் விசாரணைக் கூண்டில் நிற்க வேண்டும், தெரியுமா என்றேன். வாட்ச் என்றால் வாட்ச், வீட்டு ஆள் இல்லாமல் இனிமேல் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்றேன். அக்கா பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அத்தைதான் பேசினார். "இன்னாபா ஆபீசரு, கப்பல்ல காட்டுற அதிகாரத்தலாம் ஊட்டுல காட்டிகினு கீற?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே நைனாவைப் பற்றி விசாரித்தார். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் நைனாவின் இடுப்பில் தோல் சிவக்க ஆரம்பித்தது. படுக்கைப் புண் வந்துவிடும், ஏர் பெட் போடுங்கள் என்றார் மருத்துவர். கரையான்சாவடியில் மருத்துவச் சாமான்கள் விற்கும் கடை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியில் கிளம்பினேன். நாலு மணிக்குள் வந்துவிடுவாயா என்று அக்கா கேட்டாள். மூன்றரைக்கே வந்துவிடுவேன் என்றேன். "நாலுக்கு வந்துடு, அது போதும்" என்றாள்.

கடையில் ஒரு ஏர் பெட்டைப் பிரித்து ஊதிப் பார்த்தார்கள். மோட்டார் சத்தம் போட்டது. வேறு ஒன்று கிடங்கிலிருந்து வர வேண்டும் என்று உட்காரவைத்தார்கள். அது வந்து, ஊதிப் பார்த்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பும்போதே மூன்றரை தாண்டிவிட்டது. பூந்தமல்லி தாண்டி ஆவடி ரோட்டில் ஏறினால் வண்டிகள் அப்படியே நிற்கின்றன. முன்னால் எங்கேயோ லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். பருத்திப்பட்டு வருவதற்குள் மணி நாலேகால். போனை எடுத்துப் பார்த்தால் அக்காவிடமிருந்து ஓர் அழைப்பு வந்து போயிருந்தது. நான் கூப்பிட்டேன். எங்கே வருகிறாய் என்றாள். டிராபிக், இன்னும் அரைமணி நேரம் என்றேன். அரைமணியா என்றாள். அப்புறம் சரி வா, பார்த்து வா என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே பத்து. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள், தலையைப் படிய வாரியிருந்தாள். கோயிலுக்குப் போக நினைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். அதைக் கேட்கக்கூட இல்லை. ஒரு மணி பத்து நிமிடம் தாமதம், கேப்டனிடம் சொல்லி என்னைக் கடலில் தூக்கிப் போடு என்று தமாஷ் பண்ணினேன். அக்கா நோட்டை எடுத்தாள். பி.பி. சொன்னாள், சுகர் சொன்னாள், இரண்டரைக்கும் நாலரைக்கும் திருப்பிப் படுக்க வைத்ததைச் சொன்னாள். நான் ஏற்றுக்கொண்டேன் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய், பழைய நைட்டிக்கு மாறிக்கொண்டு வந்து, ராத்திரிக்கு மாவு கரைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து வாசலில் அத்தை என்னை நிறுத்தினார். இந்தத் தடவை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்கக்காவ கம்பெனில கூப்ட்டுக்கீறாங்க. பழைய சூப்பர்வைசரு பேசி வெச்சி, வியாயக்கெயம அஞ்சு மணிக்கு வந்து மேனேஜரப் பாருன்னாராம். பகல் ஷிஃப்ட்டு மட்டுந்தானாம். நா ஒக்காந்துகினு இருக்கேன் நீ போயிட்டு வாடின்னு அவ்ளோ சொன்னேன். என் தம்பி வராம நவர மாட்டேன் அத்தேன்னு ஒக்காந்துகினு இருந்துச்சு. பொடவலாம் கட்டிகினு."

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். இதையும் அத்தைதான் சொன்னார்.

உள்ளே போய் அக்காவிடம் கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தையை உட்காரவைத்துவிட்டுப் போ என்று நானே சொல்லியிருப்பேனே என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். கிடைக்காமல் போய், அதற்கும் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்றாள். வேலை கிடைத்திருந்தால் நைனாவுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். பகலில் பார்த்துக்கொள்ள அத்தையின் மருமகளிடம் பேசி வைத்திருந்தாளாம். நைனா அந்தப் பெண் ஊட்டினால் வாயைத் திறக்கிறாராம். அதையும் பார்த்து வைத்திருக்கிறாள். எட்டு மாதம் ஒருத்தி தனியாக யோசித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டியதை நான் ஒரு அட்டையில் கோடு போட்டுக் கலைத்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. நான் செய்தது தப்பு என்று சொன்னேன். "வுட்றா" என்றாள், அவ்வளவுதான்.

அன்றே அட்டையைக் கழற்றிவிட்டேன். எஸ்டேட்டுக்குப் போய் அந்தச் சூப்பர்வைசரையும் பார்த்தேன். நல்ல மனிதர். ஏதாவது காலியானால் சொல்கிறேன், ஆனால் இப்போதைக்கு இல்லை என்றார். கடற்படை என்று சொன்னதும் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்தக் கையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.

லீவு முடிய நாலு நாள் இருந்தது. நீட்டிக்கக் கேட்கலாம். கேட்டால் கிடைக்கவும் கூடும். ஆனால் கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விடும், அந்தப் பயணத்தோடு என் தேர்வும் போய்விடும். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் தனியாக வாட்ச் நிற்கும்போது நான் மட்டும் இன்னும் ஆறேழு மாதம் யாருக்காவது காபி சொல்லி அனுப்பிக்கொண்டிருப்பேன். அந்தப் பிந்துதல் பதவி உயர்வு வரைக்கும் கூடவே வரும் என்று மூத்தவர்கள் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம், நான் இன்னும் இரண்டு மாதம் இருந்தால் அக்கா வேறு கம்பெனிகளில் ஏறி இறங்கலாம். முதலில் அவள் தூங்கலாம்.

சாயங்காலம் அவள் நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"நா இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டாக்கா?"

"உன் பரிச்ச?"

"அடுத்த தபா பாத்துக்கலாம்."

ஸ்பூனை நைனாவின் வாயில் வைத்து, அது இறங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே, "உன் இஷ்டம்டா" என்றாள்.

அக்கா 'உன் இஷ்டம்' என்று சொன்னால் அதற்கு இரு என்று அர்த்தம். பொங்கலுக்குத் துணி எடுக்கிற விஷயத்திலிருந்து நான் அகாடமிக்குப் போன நாள் வரைக்கும் அப்படித்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி மூட்டை கட்டினேன். இதை வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகிவிடும்.

கிளம்புகிற காலையில் நைனாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அக்கா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ வரைக்கும் அக்கா வரவில்லை. நைனாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் அது.

கப்பலில் எல்லாம் பழையபடிதான். நாலு மணி நேரம் நின்றேன், எட்டு மணி நேரம் மற்ற வேலை பார்த்தேன். முன்பெல்லாம் அசதியில் எதையும் நினைக்க முடியாது. இப்போது அசதியிலும் அந்த இஸ்திரி போட்ட புடவை நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. கேப்டன் தேர்வு வைத்தார். இரண்டு மணி நேரம் கேட்டார். மீன்பிடிப் படகுகள் கூட்டமாக வந்தால் என்ன செய்வாய், மூடுபனியில் என்ன செய்வாய், சுக்கான் வேலை செய்யாவிட்டால் முதலில் யாரிடம் சொல்வாய். எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் சொன்னேன். கடைசியில் எழுந்து கை கொடுத்து, இன்றைக்குப் போய்த் தூங்கு என்றார். இரண்டு வருடமாக ஆசைப்பட்ட இரண்டும் ஒரே நாளில் கிடைத்துவிட்டன. படுத்தேன். தூக்கம் வரவில்லை.

துறைமுகம் வந்து சேர்ந்த அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன் பண்ணினேன். லீவு முடிந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலில் நைனாவைப் பற்றி விசாரித்தேன். இடுப்பில் சிவப்பு போய்விட்டது, ஏர் பெட் நன்றாக இருக்கிறது என்றாள். வேலை ஏதாவது வந்ததா என்றேன். பார்க்கலாம் என்றாள். அப்புறம்தான் பாசாகிவிட்டதைச் சொன்னேன். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். போனை நைனாவின் காதில் வைத்து, இன்னொரு தடவை சொல் என்றாள். சொன்னேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சர்டிபிகேட்டு கைல கீதா?" என்று கேட்டாள்.

"கீதுக்கா."

"இன்னா எழுதிக் கீது, படி."

இங்கிலீஷில் இருந்ததை அவளுக்குத் தமிழில் சொன்னேன். இந்த அதிகாரி யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், தனியாக, இரவிலும் பகலிலும் பொறுப்பேற்று நிற்கத் தகுதியானவர் என்று எழுதியிருக்கிறது என்றேன்.



"அதுக்கு எத்தினி மாசம் நின்னடா?"

"கடல்ல நின்னது மட்டும்னா, பதினோரு மாசம்."

"எனுக்கு இது பன்னெண்டாவது மாசம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நைனாவைத் திருப்பிப் படுக்க வைக்க நேரமாகிவிட்டது, அப்புறம் பேசு என்று போனை வைத்துவிட்டாள்.